ஐந்து பிரதிகள்

பிளான்டயர் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சாரியில்
என் நகல் கடை.
ஓர் இயந்திரம், ஒரு ஜெனரேட்டர்,
ஜூன் தூறலில் ஈரம் குடித்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் காகிதம்.

மனு ஒன்றுக்கு ஐந்து பிரதி.
லுசுங்கு எம்சிஸ்கா வருவது
நான் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான்.
கருப்பு அங்கி ஒரு தோளில்,
பொய்முடி பிளாஸ்டிக் பையில்.
"ஆட்கொணர்வு" என்பார் மூச்சிரைக்க.
மற்ற வக்கீல்கள் வழக்கு எண் சொல்வார்கள்,
இவர் ஆளைச் சொல்வார்:
"இது யோஹானே, சைக்கிள் டாக்சிக்காரன்.
இது கிரேசியான், ஆசிரியர் சங்கம்.
மூன்றாம் பக்கம் கோணலாக விழாமல் பார்."

ஒரு ராத்திரி கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் காலி.
தன் காரில் குழாய் விட்டு உறிஞ்சித் தந்தார்.
பெட்ரோல் வாயோடுதான் போனார்
நீதிபதியின் வீட்டுக் கதவைத் தட்ட.

போலீஸ் பதில் எப்போதும் ஒரே வரி:
"மேற்படி நபர் எங்கள் காவலில் இல்லை."
அதை மன்றத்தில் மூன்று தரம் வாசிப்பார்,
மூன்று குரலில்.
மூன்றாவது தரம்
பின்வரிசையில் நின்ற எனக்கே சிரிப்பு வந்துவிடும்.
யோஹானேயைக் கொண்டுவந்தார்கள், ஒற்றைச் செருப்போடு.
கிரேசியானைக் கொண்டுவரவில்லை.

பிறகு தேர்தல். புது ஆட்சி. லிலோங்வேயிலிருந்து அழைப்பு.
உள்துறை.
எங்கள் தெரு ஆடியது, நானும் ஆடினேன்,
முழங்கால் வலி அப்போது இல்லை.
பொய் சொல்லக் கூடாது:
முதல் மாதமே சிறைக்குக் கொசுவலை வந்தது.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைதிகளைப் பிணைத்த சங்கிலி போனது.
ரேடியோவில் அவர் பேசினால்
இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

இரண்டாம் குளிர்காலத்தில்
டலிட்சோ வந்தான், அவருடைய பழைய ஜூனியர்.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
அதே எழுத்துரு, அதே இடைவெளி,
"பணிவுடன்" என்பதற்குப் பின்னால்
அவர் விடாமல் வைக்கும் அந்தத் தேவையில்லாத காற்புள்ளி.
ஃபைசன் கலுவா, வயது இருபத்திரண்டு,
கரும்புத் தோட்டக் கூலி,
வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள் ஜீப்பில் ஏற்றப்பட்டவன்.
எதிர்மனுதாரர் எண் ஒன்று:
உள்துறை அமைச்சர்.

இயந்திரம் சூடேற இரண்டு நிமிடம் பிடிக்கும்.
நானும் அவனும் அந்தப் பச்சை விளக்கையே பார்த்தோம்.

ஒன்பது நாள் கழித்துப் பதில்.
அதையும் என்னிடமே கொண்டுவந்தான்.
பழைய வரி, தட்டச்சில்: "எங்கள் காவலில் இல்லை."
அதன்மேல் பேனாக் கோடு.
மேலே, எனக்குத் தெரிந்த கையெழுத்தில்:
"காவலில் இருப்பதாக எனக்குத் தெரிவிக்கப்படவில்லை."
ஓரத்தில் சுருக்கொப்பம்.

பொய்யை அடித்திருக்கிறார்.
அந்த இடத்தில் உண்மையை வைக்கவில்லை.

"அடித்தது தெரிகிறதா?" என்றான் டலிட்சோ.
மையைக் கூட்டி வைத்தேன்.
ஐந்து பிரதியிலும் தெரிந்தது,
கோடும், கோட்டுக்கு அடியில் கிடந்த வரியும்.

காசு கொடுக்கும்போது
கடன் நோட்டு விரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டான்.
எம்சிஸ்கா: முந்நூற்று நாற்பது பக்கம்,
கிரேசியான் மனுவோடு நின்றுபோன கணக்கு.
"நான் அடைத்துவிடுகிறேனே" என்றான்.

வேண்டாம் என்றேன்.
அவரே வரட்டும்.
தனியாக வர வேண்டாம்.